ஏழு டிகிரி

பிரிட்ஜ் மெக்கானிக் நான்.
நாகமலைப் புதுக்கோட்டையில்
சிலிண்டரில் குளிரை அடைத்து
ஸ்கூட்டரில் கொண்டு போகிறவன்.
வீட்டில் ஆப்பிள் மரம் வைக்கப் போகிறேன் என்றபோது
செண்பகவல்லி சிரிக்கவில்லை.
"துணி காயப்போடுற கொடிக்கு
இடைஞ்சல் இல்லாம வைங்க" என்றாள்.

ஒத்தக்கடை நர்சரிக்கு
முளைவிட்ட விதை ஒன்றோடு போயிருந்தேன்.
மாட்டுத்தாவணியில் வாங்கிய பழத்தின் விதை.
ஈரத்துணியில் சுற்றி, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில்
நாற்பது நாள் வைத்து எழுப்பியது.
ஒச்சம்மாள் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.
"இது வளரும். காய்க்க எட்டு வருசம்.
அப்பவும் நீங்க தின்ன பழம் வராது.
வேற யாரோதான் வருவாக."

காஷ்மீர் ரகம் இருக்கா என்று கேட்டேன்.
ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம்
நின்றால்தான் அது மொட்டு அவிழ்க்குமாம்.
தை மாத விடியலிலும்
மதுரை பத்தொன்பதுக்குக் கீழே இறங்குவதில்லை.
ஏழு என்பது எனக்குத் தெரிந்த எண்:
காய்கறி டப்பாவின் எண்.
மரத்தை அதற்குள் வைக்க முடியாது.

"அன்னா எடுத்துக்கங்க. குளிர் ரொம்பக் கேக்காது.
துணைக்கு ஒரு டோர்செட். ஒத்தையா வச்சா காய் நிக்காது."
ரெண்டு ஒட்டுக் கன்று, எழுநூறு ரூபாய்.
ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே
நாலு விரல் தெரியணும்.
மார்கழியில் தண்ணியைக் குறைத்து
ஒரு இலை விடாமல் உருவிடணும்.
"குளிர்காலம் வந்துருச்சுன்னு
நாமதான் அதுகிட்ட பொய் சொல்லணும்."

அன்னாவுக்கு ரெண்டு சுழி.
செண்பகவல்லி தகரத்தில் மூணு சுழி போட்டு எழுதிவிட்டாள்.
தெருவுக்கே அது அண்ணன் மரம்.

போர்த் தண்ணி உப்பு. இலை ஓரம் கருகியது.
ஏசி சர்வீஸுக்குப் போகிற வீடுகளில்
வடிகுழாயில் கேனை வைத்தேன்.
எஸ்.எஸ். காலனி டாக்டர் வீட்டில்
ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு லிட்டர்.
யாரோ போர்த்திக்கொண்டு தூங்கிய குளிரை
என் மரம் குடித்தது.

அழகர் ஆற்றில் இறங்கிய வாரம்
டோர்செட்டைக் கரையான் தின்றது.

மார்கழி வந்தது. கிளைக்குக் கீழே போய் நின்றேன்.
ஒரு இலை கிள்ளினேன். பால்பச்சை. கை வரவில்லை.
அடுத்த மார்கழியும் வரவில்லை.
மரம் பச்சைப் பசேலென்று நின்றது,
ஒரு பூ இல்லாமல்.

மூன்றாம் மார்கழி,
ஜைத்தூன் பீவியின் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து
பின்னங்காலில் எழுந்து
எட்டியமட்டும் மேய்ந்துவிட்டது.
சுவரைத் தாண்டிக் கத்தினேன்.
கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன்.
அவர் பதில் பேசவில்லை. சாயங்காலம்
ஒரு கட்டு முருங்கைக்கீரை வந்தது.

தை கழிவதற்குள்
ஆடு எட்டிய உயரம் வரை பூ.
வெள்ளை, ஓரத்தில் ரோஸ்.
அதற்கு மேலே பழைய பச்சை,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல்.

ஜோடி இல்லாத பூக்கள். எல்லாம் உதிர்ந்தன.
ஒன்று மட்டும் ஏனோ நின்றது.
கொசுவலைத் துண்டால் பை தைத்துக்
கிளிக்கு மறைத்துக் கட்டினாள் செண்பகவல்லி.

வைகாசியில் பறித்தோம்.
எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு,
வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்பு.
"பிரிட்ஜில வைக்கட்டுமா?"
குளிரையே பார்க்காமல் பழுத்தது.
வேண்டாம் என்றேன்.

நாலு கீற்று. ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம்.
புளிப்பு முதலில், இனிப்பு பின்னால்,
கடைசியில் லேசாகத் துவர்ப்பு.
கிடாவுக்கும் கொடுத்திருக்கலாம்.
அது பக்ரீதோடு போயிருந்தது.

இந்த மார்கழியில் ஏணி போட்டு
நானே உருவுகிறேன், உச்சியிலிருந்து.
கைநிறைய இலை. பொய் சொல்லக் கை பழகிவிட்டது.
கீழ்க்கிளைகளைத் தொடவில்லை.
ஜைத்தூன் அக்கா
புதுக்குட்டி ஒன்று கட்டியிருக்கிறார்.
கயிறு கொஞ்சம் நீளம்தான்.