லாபம், ரெண்டு, மூணு

புதுவயலில் இறங்கும்போது கார் வெள்ளை.
ஒரு டீ குடிப்பதற்குள்
விரலால் பெயர் எழுதலாம் போல
உமிச்சாம்பல்.
டிரைவர் துணியை எடுத்தான்.
வேண்டாம், அது சாட்சி என்றேன்.
சிரித்தான், சம்பளம் வாங்குகிறவன் சிரிப்பு.

ஆலை முதலாளி சாத்தப்பன்
என் அட்டையை எட்டப் பிடித்துப் படித்தார்:
மங்கையர்க்கரசி, நிலைத்தன்மை ஆலோசகர்.
"கட்டடம் கெட்டியா இருக்கான்னு பாக்குறதா?"
பதினாறு வருடத்தில் என் வேலையை
இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.
கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

அரிசி வாங்கும் கம்பெனிக்கு
மூட்டையில் அச்சடிக்க ஒரு பச்சை இலை வேண்டும்.
அதற்கு நான்.

களத்தில் அவித்த நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
ராக்கு சாக்குகளை எண்ணினாள்:
லாபம். ரெண்டு. மூணு.
ஒன்று என்று தொடங்கினால்
நெல் கோபித்துக்கொள்ளும்.

நானும் அப்படித்தான் எண்ணினேன்,
சிமெண்ட் கம்பெனியில் துணைத் தலைவராக
பதினோரு வருடம்.
முதல் பக்கத்தில் லாபம்.
எழுபத்திரண்டாம் பக்கத்தில்,
சூரியகாந்திப் படத்துக்குக் கீழே, புகை.
வரம்பு என்று ஒரு சொல் வைத்திருந்தோம்.
குவாரி லாரி வரம்புக்கு வெளியே.
லாரி கிளப்பும் புழுதி வெளியே.
புழுதியில் இருமுகிறவர்கள் இன்னும் வெளியே.
வயல்காரன் வரம்பு கட்டுவது
தண்ணீரை நிறுத்த.
நாங்கள் கட்டியது கண்ணை நிறுத்த.

பிறகு ஒரு புயல்.
ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு
கடலோரப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனவள்
இரண்டு வருடம் திரும்பவில்லை.
ஆளுக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர்,
இருபது பேருக்கு ஒரு கழிப்பறை
என்றது கையேடு.
எங்களிடம் ஆறு லிட்டர்,
இரண்டு கழிப்பறை,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

அங்கே போனதால் நான் நல்லவள் ஆகிவிடவில்லை.
வரிசையில் இரண்டாம் முறை வந்தவனைச்
சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன்.
அந்தப் பொட்டலம் யாருக்கு என்று
அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.
அதற்குள் அவனைக் காணவில்லை.

ஒரு சாயங்காலம் அரிசி லாரியோடு வந்தவர்
படியை நிரப்பித் தலைதட்டி
வாய்ப் பழக்கத்தில் தொடங்கினார்:
லாபம்...
வரிசையில் முதலில் நின்றவள்
கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவள்.
அவர் படியைச் சாக்கிலேயே கவிழ்த்தார்.
மறுபடி அள்ளினார்.
ஒண்ணு, என்றார்.
ஊர் புதுவயல் பக்கம் என்றார்கள்.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

மோர் வந்தது. மசாலா சீயம் வந்தது.
சாத்தப்பன் பாய்லரைக் காட்டினார்,
புது மோட்டாரைக் காட்டினார்,
மகள் படிக்கும் படிப்பைச் சொன்னார்.
வாய்க்காலை மட்டும் வாசனை காட்டிக்கொடுத்தது.
நெல் ஊறிய தண்ணீர்
புளித்துப் பழுத்து
கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.
"அது ஆலைக்கு வெளியேங்க" என்றார்.

என் சொல்.
எந்த அறிக்கையிலிருந்து கிளம்பி
எத்தனை பஸ் மாறி
இங்கே வந்து சேர்ந்ததோ.

"கண்மாயில மாடு வாய் வைக்கல.
அதையும் எழுதுவீகளா?"
எத்தனை மாடு என்று கேட்டேன்.
"மாட்டையுமா எண்ணுவாக?"
ராக்கு முதலாளியை ஒரு தடவை பார்த்தாள்.
ஆலை நின்றால் அவளுக்குக் கூலி நிற்கும்.
இலை நின்றால் என் அலுவலகத்தில்
மூன்று பேருக்குச் சம்பளம் நிற்கும்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ராத்திரி, காரைக்குடி லாட்ஜ்.
ஏழு தடவை போன்.
இலை எப்போது மேடம்?
கீழே டிரைவர்
நான் சொல்லியும்
காரைத் துடைத்து வைத்திருக்கிறான்.

முதல் பக்கத்தைக் காலியாக்கினேன்.
ராக்கு விரல் மடக்கிச் சொன்னதை
அவள் சொன்னபடியே தட்டினேன்:
ஒண்ணு, செவலை, சினை.
ரெண்டு, மயிலை, கால் நொண்டும்.
மூணு...