ஆறு மணித்தியாலம்

இடது காலில் எடுக்க ஒன்றுமில்லை.
குருநகர் றால் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருடம் நின்றபடி தோலுரித்த கால்,
நாளங்கள் புடைத்து முறுகிக் கிடந்தன.
வலது தொடையில் ஒரு ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது.
படத்தில் வெள்ளையாக, ஒரு உழுந்து அளவில்.
அதற்குக் கீழே
முழங்காலிலிருந்து கணுக்கால் வரை
ஒரு சாணும் நாலு விரலும்
நல்லதாகக் கிடைத்தது.

எமிலியானா அதை நரம்பு என்றுதான் சொன்னா.
"எந்த நரம்பை எடுக்கப் போறியள் டொக்டர்?"
நாளம் என்று நான் திருத்தவில்லை.

வாகீசன் சேர் நெஞ்சைத் திறக்கும்போது
நான் காலடியில் குனிந்து நிற்பவன்.
பழகிய காலத்தில் ஊசிக்குழலால் உப்புநீர் ஏற்றி
ஊதிப் பார்ப்போம், எங்கே கசிகிறதென்று,
சைக்கிள் டியூப்புக்குப் பார்ப்பது மாதிரி.
இப்போது கை பயப்படுகிறது.
ஊதினால் உட்படலம் கீறும்.
கண்ணுக்குத் தெரியாத கீறல்தான்,
இரத்தம் கண்டுபிடித்துவிடும்,
கண்ட இடத்திலேயே குந்திவிடும்.
ஆகவே நாளத்தைத் தொடாமல்
சுற்றியிருந்த கொழுப்பைப் பிடித்துத் தூக்கினேன்.
அவவின் இரத்தத்திலேயே கொஞ்சம் எடுத்து
ஹெப்பரின் கலந்து
அதில் ஊறப்போட்டேன்.

கால் நாளத்தின் உள்ளே கதவுகள் உண்டு.
எல்லாம் மேல்நோக்கி மட்டும் திறப்பவை.
தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும்,
கணுக்கால் பக்கம் பெருநாடிக்கு,
முழங்கால் பக்கம் இதயத்துக்கு.
பக்கம் மாறாதிருக்க ஒரு கறுப்பு நூல் கட்டினேன்.
கட்டியதை மூன்று தரம் பார்த்தேன்.

பின்னேரம் நாலு பத்துக்குக் கட்டிலுக்கு வந்தா.

நெஞ்சுக் குழாயில் முதல் மணித்தியாலம் நூற்றுப் பத்து.
பிறகு தொண்ணூறு.
பிறகு, ஏனோ, நூற்று நாற்பது.
உறை, உறை என்று
யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.
எழுபது. நாற்பது.
மின்விசிறி நின்று ஜெனரேட்டர் பிடித்தது.
முப்பத்தைந்து.

பத்து மணியானால் சொல்லை மாற்ற வேண்டும்.
இனி உறையாதே.
இடம் மாறிய நாளத்துக்கு முதல் இரவு அது.
இந்த அழுத்தம் அதற்குப் பழக்கமில்லை,
தையல் ஓரங்கள் இன்னும் சொரசொரப்பு.
தட்டணுக்கள் மணக்க மணக்க வரும்.

"இன்னும் ஒரு மணித்தியாலம் பாப்பமே" என்றா தாதி சிவமலர்.
அவ சொல்வதில் பிழையில்லை.
போன மாசி மாதம், ஏழாம் கட்டிலில்,
அவசரப்பட்டவன் நான்.
இரவோடிரவாக நெஞ்சைத் திரும்பத் திறந்தோம்.
சேருக்கு அடித்தேன்.
"வடிஞ்சது எவ்வளவு?"
சொன்னேன்.
"குடு."

தலையிடிக்கு அம்மா தண்ணீரில் கரைத்துத் தந்த
அதே வெள்ளைக் குளிசை.
சிவமலர் இடித்துப் பொடியாக்கி
மூக்குக் குழாய் வழியே விட்டா.
பத்து மணி ஐந்து நிமிடம்.
கதவுக்கு வெளியே மகன் றெஜினோல்ட்,
தாயின் செருப்பை ஷொப்பிங் பையில் சுற்றி
மடியில் வைத்தபடி.
என்ன மருந்து என்று கேட்டான். அஸ்பிரின் என்றேன்.
வேறு பெரிதாக ஒன்றும் இல்லையா என்பதுபோல்
பார்த்தான்.

பதினொன்றுக்கு ஐம்பது. வயிறு கலங்கியது.
பன்னிரண்டுக்கு முப்பது.
இதயக் கோடு அப்படியே ஓடியது,
உயரவுமில்லை, சரியவுமில்லை.

மூச்சுக் குழாய் எடுத்ததும் முதல் கதை:
"நெஞ்சை விடுங்கோ. கால்தான் விண் விண் எண்டு உளையுது."
பிறகு கொஞ்சம் யோசித்து,
"அதிலை நரம்பு இல்லாட்டி இரத்தம் எதாலை ஏறும்?"
ஆழத்தில் வேறு நாளங்கள் இருக்கு என்றேன்.
"ஓமோம். பாதை பூட்டினா
கிளாலியாலை போனனாங்கள்தானே" என்றா,
கண்ணை மூடியபடி.

கிளாலிப் படகுகள் எல்லாம் கரை சேரவில்லை
என்பதை அவ சொல்லவில்லை.
நானும்.
கால் விரல்களை ஆட்டச் சொன்னேன்.
ஆட்டினா.
குளிசைச் சீட்டில்
நாளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு,
எப்போதும் என்று எழுதினேன்.
அந்த 'எப்போதும்' மட்டும்
என் கையெழுத்தில் தெளிவாக விழுந்தது.