பொருள் தருக

ஐஸ் பார் கணக்கு எழுதும் பில் புத்தகத்தில்
கார்பனுக்கு அடியில் நான் வைத்திருப்பது வேறு:
உவமை, உருவகம், ஆகுபெயர்,
கீழே சாலிஹ் பாய் கையெழுத்துக்கு விட்ட இடம்.

மூன்றரை மணி. துறைமுகம் விழித்துவிட்டது.
இடவாகுபெயர். விழித்தது நாங்கள்.
துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார் ஏலக்காரர்.
குழூஉக்குறி. ஒரு விரல் நூறா ஆயிரமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஒரு மதிப்பெண் மட்டும் நிச்சயம்.

செத்த மீன் என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
ஐஸ் மீன். ஓரத்தில் குறித்தேன்: மங்கலம்.
நாற்றத்துக்கு ஓர் இடக்கரடக்கல் தேடினேன்,
கிடைக்கவில்லை.

"கலெக்டரம்மா, கூடையைக் கொஞ்சம் நகர்த்துங்க"
என்கிறாள் செல்லக்கிளி.
மூன்றாம் முறை எழுதப்போகிறேன் என்று அவளுக்கும் தெரியும்.
வஞ்சப்புகழ்ச்சி.
நகர்த்தினேன்.

கலங்கரை விளக்கு சுற்றுகிறது, அது இயல்பு.
யாரையோ தேடிச் சுற்றுகிறது என்றால் தற்குறிப்பேற்றம்.
அண்ணன் படகு இரண்டு நாள் பிந்திய ஐப்பசியில்
அம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது
எந்த அணியில் சேரும்?
கையேட்டில் போடவில்லை.

எனக்குப் பிடித்தது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
வாராத ஆணை, வாரா ஆணை.
வால் போனாலும்
வராதது வராததுதான்.

போன வருடம் மஞ்சக்குப்பம் பள்ளியில்,
முழங்கால் இடிக்கும் பெஞ்சில், நாற்பதாவது கேள்வி:
வேலை என்பதன் பொருள் தருக.
காற்று. கடல். மலை. மழை. விடை தெரியவில்லை.
பேனா நின்றுவிட்டது.
எங்கள் வாசலுக்கு ஐம்பதடியில் கிடக்கிறது அது,
இரைந்துகொண்டு,
கூலி கேட்டால் தராமல்,
கேட்காத நாளில் ஆளைக் கேட்டுக்கொண்டு.
அண்ணன் வேலையில் இறங்கித்தான் வேலைக்குப் போகிறான்.
சோனாங்குப்பத்தில் பாதிப்பேர் பிழைப்பே சிலேடை,
எவரும் மதிப்பெண் போட்டதில்லை.

கடலைக் கறுப்பாக்கினேன். சரிதான்.
ஆனால் அதற்குள் நான்கு நிமிடம் போயிருந்தது.
கடைசி ஆறு கேள்விக்கும்
விடை தெரியவில்லை என்ற வட்டத்தையே நிரப்பினேன்,
வாசித்திருந்தால் தெரிந்திருக்கும் விடைகள்.

ஞாயிறு மறுபடி தேர்வு.
ஹால் டிக்கெட் ஈரம் படாமல் பாலித்தீன் உறையில்,
பில் புத்தகத்தின் பின்னட்டையில்.
"வேலை கிடைச்சா போயிடுவியா, தெய்வக்கன்னி?"
பாய் கேட்டார்.
எந்த வேலை என்று நான் கேட்கவில்லை.
ஐஸ் நொறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது.
எட்டு பார், சிங்காரத்தோப்பு படகுக்கு.
பில் போட்டேன்.