வைஸுக்கு ஒரு டிக்கெட்

ஐப்பசி மழையில் குளியலறைக் கதவு ஊதிவிட்டது.
தோளால் இடித்துத் திறந்தோம்
காலால் உதைத்துச் சாத்தினோம்.
இழைத்துக்கொடுக்க எண்ணூறு கேட்டார் பூமிராஜன்.
வந்து பார்த்ததற்கே நூறு.
நூறைக் கொடுத்து அனுப்பிவிட்டு
ஓர் இழைப்புளி என்ன விலை இருக்கும் என்று
நினைத்ததில் ஆரம்பித்தது.

கையில் சீட்டு எடுத்த மூவாயிரம்.
வில்லாபுரத்து வாடகை வீட்டில்
மாடிப்படிக்கு அடியில், குடம் இரண்டை நகர்த்தினால்,
ஆறுக்கு நாலு இடம்.
ரேஷன் கடையில் அரிசிக்கும் பருப்பிற்கும் பில் போடுகிற கையால்
ரம்பம், உளி என்று எழுதிப் பார்த்தேன்.
கடைசி வரியில் வைஸ்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

தெற்கு வெளி வீதியில் கண்ணாடி போட்ட கடைக்காரர்
விலை சொல்லவில்லை.
"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா,
அவருக்குத்தான் தெரியும்."
எங்கள் வீட்டுக்காரருக்கு
பல்பு மாட்டவே பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும்.
சொல்லவில்லை.
நன்றி என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை கீழவாசல் பக்கம்
தார்ப்பாயில் விரித்துக் கிடக்கிறது இரும்பு.
காஜா மைதீனுக்கு எல்லாமே கிலோக் கணக்கு.
நல்ல ஸ்பானரும் கிலோ
பல் போன ஸ்பானரும் கிலோ.
தேர்ந்தெடுக்கிற புத்தி மட்டும் இனாம்,
அது நம்முடையதாக இருந்தால்.
ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்
சாலையைப் பார்ப்பதுபோல.
வளைந்திருந்தது. வேறு.
கரண்டு டிரில் ஒன்று பளபளவென்று நீலத்தில்.
"ஓட்டிக் காட்டுங்க."
"கரண்டுக்கு நான் எங்கிட்டு போக?"
"வாரண்டி?"
"நீங்க அந்த முக்கு திரும்புற வரைக்கும்க்கா."
சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு
கையால் சுற்றுகிற டிரில்லை எடுத்தேன், நூற்றெண்பது.

வைஸ் அடியில் கிடந்தது, சைக்கிள் செயின்களுக்குக் கீழே.
திருகு தட்டாமல் ஓடியது.
தாடைக்குள் பட்டியலை வைத்து இறுக்கி
இழுத்துப் பார்த்தேன்,
காகிதம் கிழிந்தது, வரவில்லை.
ஒன்பது கிலோ. கிலோ தொண்ணூறு.
கேள்விக்குறி இருந்த துண்டு
உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டவுன் பஸ்ஸில் எனக்குப் பூஜ்ஜியம் போட்ட டிக்கெட்.
"காலுக்கடியில என்னம்மா?"
"வைஸ்."
"என்ன செய்யும்?"
"பிடிக்கும். விடாது."
கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப லக்கேஜு. பத்து ரூபாய்."
நான் இலவசம், என் இரும்புக்குக் கட்டணம்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்,
அந்த நாள் முழுக்க
பேரம் பேசாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

வைஸ், இழைப்புளி, ரம்பம், உளி இரண்டு,
சாணைக்கல், உப்புத்தாள், பஸ் எல்லாம் போக
தொள்ளாயிரத்து அறுபது மிச்சம்.
சுத்தியல் வாங்கவில்லை,
தேங்காய் உடைக்கிறது இருக்கிறதே.
துரு போகப் புளி போட்டுத் தேய்த்தேன்.
இழைப்புளிக்குப் புளி!
தனியாகச் சிரித்ததில்
அடுப்பில் பால் பொங்கியது.

கதவைக் கழற்றிப் படுக்கவைத்து முதல் இழுப்பு.
மரத்தைக் கடித்துக்கொண்டு நின்றது.
அலகைத் தட்டி, ஒரு மயிரளவு உள்ளே தள்ளி, மறுபடி.
சுருள் வந்தது,
வெங்காயத் தோல் மாதிரி,
பின்னால் இருக்கிற வெளிச்சம் தெரிகிற மாதிரி.
அதை ஏன் கீழே போடவில்லை என்று தெரியாது.
பில் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

மாடியிலிருந்து துளசிராம் அண்ணன்:
"என்னம்மா சத்தம்?"
"கதவு."
"யார் வந்திருக்கா?"
"யாரும் வரலை."
மாடியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

கதவு மூடியது.
ஒரு விரல் போதும் என்று
வந்தவர்களுக்கெல்லாம் மூடிக் காட்டினேன்.

பங்குனியில் மரம் சுருங்கியது.
நான்தான் ஆசையில் கூடுதலாக இழைத்திருந்தேன்.
இப்போது தாழ்ப்பாள் எட்டவில்லை,
காற்றடித்தால் கதவு தானாகத் திறக்கிறது.
அரிசி வாங்க வந்த பூமிராஜன்
கதவு எப்படி என்றார்.
நல்லா திறக்குது என்றேன்.

அன்று இரவு படிக்கடியில் விளக்கைப் போட்டு
பெட்டிப் பலகைத் துண்டை வைஸில் இறுக்கி
சரிவாக அறுத்தேன்.
யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன்.
என் பட்டறையில் முதன்முதலில் செய்தது
ஓர் ஆப்பு.
எனக்கு நானே வைத்துக்கொண்டது.
கச்சிதமாக நிற்கிறது.