கேத்தலுக்குத் தடை

ஹொக்கைடோவிலிருந்து கப்பலில் வந்த குட்டி டிராக்டர்.
பத்தொன்பது பனிக்காலம் பார்த்ததாம்,
ஏலத்தாளில் இருந்தது.
கேபின் கண்ணாடி அத்தனையும் அசல்.
சிம்பாங் அம்பாட் பட்டறையில் இறக்கிய அன்று
தவுக்கே ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவரைப் போல.

பின்கண்ணாடி மூலையில் ஓர் ஒட்டுத்தாள்.
யாருக்கும் தெரியாத எழுத்தில் நான்கு வரி.
பக்கத்தில் படம்:
ஆவி பறக்கும் கேத்தல்,
அதன் மேல் சிவப்புக் கோடு.
"உள்ள உக்காந்து தேத்தண்ணி போடக்கூடாதாம்"
என்றார் வெல்டர் சின்னமணி.
சிரித்தோம்.
அன்றிலிருந்து ரஃபிகுல்
தன் குவளையை டயர் மேல் வைத்துவிட்டுத்தான் ஏறுவான்.

நான் கணக்கெழுதுகிறவள்.
கண்ணாடி என் வேலையே இல்லை.

மார்ச். மழை கண்டு இருபத்திரண்டு நாள்.
பள்ளித் திடலில் புல் வெட்டிவிட்டு
வண்டி மூன்று மணிக்கு வந்து வெயிலில் நின்றது,
கதவெல்லாம் சாத்தி.
நான்கு மணிக்குக் குத்தகை அதிகாரி வருகிறார்.
பின்கண்ணாடி முழுக்கப் புல்தூசி.
குழாயில் காற்றுதான் வந்தது.
ஐஸ் பெட்டியின் அடியில்
உருகிய தண்ணீர் அரை வாளி தேறியது.
ஊற்றினேன்.

ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை.
எனக்குச் சந்தோஷம்கூட, பளிச்சென்று ஆகிவிட்டதே என்று.
பிறகு
கல்லுப்பு மூட்டை அவிழ்ந்த சத்தம்.
கண்ணாடி இருந்த இடத்தில்
எதிர்வீட்டு வாழைமரம் தெரிந்தது,
அதுவரை பார்த்திராத தெளிவில்.

ஒட்டுத்தாள் மட்டும் விழவில்லை.
கைப்பிடியளவு சில்லுகளைப் பிடித்துக்கொண்டு
சட்டத்தில் தொங்கியது.

தவுக்கேயின் தங்கை மகள்
கைப்பேசியை அதன் மேல் காட்டி வாசித்தாள்:
உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்.
கதவைச் சற்றே திறந்து, மெல்லச் சூடேற்றவும்.
போல்ட்டை இறுக்க வேண்டாம்; ரப்பர் வளையம் அவசியம்.
நான்காவது வரி ஒரு தொலைபேசி எண்.

ரப்பர் வளையமா என்று
சின்னமணி தன் ஸ்பேனரைப் பார்த்தார்.
நான் வாளியைப் பார்த்தேன்.
அங்கே குளிரில் வெந்நீர், இங்கே வெயிலில் ஐஸ்நீர்.
படத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தால்
எங்களுக்கும் புரிந்திருக்கும்.

காப்புறுதிப் பாரத்தில் ஒரு கட்டம்: காரணம்.
பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தபோது
ரஃபிகுல் வந்தான்.
இருக்கையில் கிடந்ததாம், ஒரு கல்,
எலுமிச்சை அளவு.
"பாத்து," என்றான், கல் என்று மலாயில்,
மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பள்ளித் திடலில் அப்படிக் கல் கிடையாது.
நீலம் கலந்த சாம்பல் ஜல்லி,
எங்கள் கேட்டுக்கு வெளியே கொட்டியது.
அதற்குப் பணம் கட்டி ரசீது வாங்கியவள் நான்.

எழுதினேன். கல்.
இரண்டே எழுத்து. மறுநாள் வரை கை வலித்தது.

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து புதுக் கண்ணாடி,
ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.
சின்னமணி வளையம் போட்டு
விரலாலேயே மரையைத் திருகினார்,
குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுவதுபோல்.
மூன்று மணிக்கு வண்டி வந்தால்
இப்போது நிழலில் நிற்கும், இரு கதவும் திறந்து.
நானே போய்த் திறக்கிறேன்.
தூசி இருந்துவிட்டுப் போகட்டும்.

புது ஒட்டுத்தாள் என் கைவேலை.
ஒரு வாளி, அதில் ஐஸ்கட்டி, சிவப்புக் கோடு.
ஐஸ்கட்டி வெல்லக்கட்டி மாதிரி வந்துவிட்டது.

ரஃபிகுல் நெடுநேரம் அதைப் பார்த்தான்.
"உள்ளே ஐஸ் மைலோவும் கூடாதா?"
என்று கேட்டான்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்,
குவளையை டயர் மேல் வைத்தபடி.