வண்டி வாடகை

சிக்கந்தர் எஞ்சினை அணைக்கவில்லை.
செல்லூரில் அந்தச் சந்துக்குள்
குட்டியானையை ரிவர்ஸில் கொண்டுவந்ததே பெரிய பாடு.
"இரும்பு முப்பது, செம்பு தனி.
பலகைக்கு நான் காசு தரமாட்டேன் செலினக்கா,
வேணும்னா நீங்க எனக்குத் தாங்க."

பத்து நிமிஷம் பொறு என்றார் துளசிராம்.
பெட்டி அவருடையது,
தேறுமா தேறாதா என்று
சொல்லவேண்டிய வாய் என்னுடையது.

கண்மாய் உடைத்துக்கொண்டு வந்த வருஷம்
முழங்கால் மட்டும் நின்ற தண்ணீர்
பெட்டியின் பக்கவாட்டில்
தன் உயரத்தைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறது.
அதற்குக் கீழே பிளைவுட்
டீயில் விழுந்த ரஸ்க்;
விரலை வைத்தால் விரல் உள்ளே போகிறது.
அதற்கு மேலே
வர்ணம் போகாத ஒரு போர் விமானம்,
பாதி இறக்கையோடு.

பின்கதவைத் திறந்தேன்.
எலிக்கூடு.
லாட்டரிச் சீட்டுகளைக் கிழித்துக் கட்டியது.
பரிசு விழுந்ததா என்று
எந்த எலியும் பார்த்திருக்காது.
போர்டில் பேட்டரி கக்கியிருந்தது,
பச்சை உப்பு
தடங்களை நாலு இடத்தில் தின்றிருந்தது.
நாலு என்பது
கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்.

காசுப் பெட்டியில் பதினொரு ரூபாய்.
கூடவே, ஒரு ரூபாய் அளவுக்கு
நடைபாதைக் கல்லில் தேய்த்த வாஷர் ஆறு.
"திருட்டுப் பயலுக" என்றார் துளசிராம்,
ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.

பிக்சர் ட்யூபின் கழுத்து உடையவில்லை.
உள்ளே வெள்ளிப் பூச்சு பாலாய் வெளுத்திருந்தால்
காற்று புகுந்துவிட்டது, கதை முடிந்தது.
வெளுக்கவில்லை.
பதினேழு வருஷம் கரண்ட் பார்க்காதது,
சார்ஜ் இருக்காது என்று தெரியும்.
ஆனாலும் ஸ்க்ரூடிரைவரில் வயர் கட்டி
எர்த் செய்துவிட்டுத்தான் தொட்டேன்.
இதன் தங்கச்சி ஒருத்தி
ஒருமுறை என்னைச் சுவரோடு அறைந்திருக்கிறாள்.

கேஸ் ரசீதின் முதுகில் எழுதிக் கூட்டினேன்.
பலகை ஆறாயிரம்.
போர்டு, கிடைத்தால், பதினொன்று.
கண்டென்சர், சுவிட்ச், சிவப்புக் குமிழ் ஆயிரம்.
என் கூலியை எழுதாமல் விட்டேன்.
எழுதாமலே பதினெட்டாயிரம்.

"டவுன்ஹால் ரோட்டுல எல்சிடி வாங்கி
ஆயிரம் கேம் இருக்கிற புது போர்டைப் போட்டா
எட்டாயிரத்துல முடிச்சிரலாமே?"
முடிக்கலாம்.
இதன் சட்டையைக் கழற்றி
வேறொருத்தனுக்குப் போட்டுவிட்டு
இதன் பெயரால் கூப்பிடலாம்.

வெளியே ஹாரன்.

கண்ணாடித் தூசியைத் துப்பட்டாவால் துடைத்தேன்.
கரண்ட் இல்லாமலே எழுத்துகள்.
ஆட ஆள் இல்லாத நேரமெல்லாம்
ஒரே பட்டியலைக் காட்டிக் காட்டி
பாஸ்பரில் தீய்ந்து நின்றவை.
"மேல இருக்கிறது நான்தான்,
டி எல் எஸ்ஸுன்னு போட்டிருக்கும் பாருங்க."
டார்ச்சைச் சாய்த்தேன்.
மேலே இருந்தது
ஏ ஏ ஏ.

அது பெயரில்லை.
பெயர் கேட்கும்போது எதையும் அழுத்தாவிட்டால்
மிஷின் தானே போட்டுக்கொள்வது.
அத்தனை புள்ளி எடுத்தவன்
பத்து வினாடி நிற்காமல் போயிருக்கிறான்.
பஸ் வந்திருக்கலாம்.
அப்பா வந்திருக்கலாம்.
அல்லது அப்படி ஒருவனே இல்லாமல்
கம்பெனி போட்டு அனுப்பிய பொய்க்கணக்காகவும் இருக்கலாம்.

துளசிராம் குனிந்து, மெதுவாக,
ஏ... ஏ... ஏ... என்று வாசித்தார்.
"என்னண்ணே?" என்று
சந்திலிருந்து எட்டிப் பார்த்தான் சிக்கந்தர்.

"ட்யூபை மாத்தினா இது போயிருமா?"
"போயிரும்."
"மாத்தாட்டி?"
"படத்துக்கு அடியில தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்.
ஆடுறவன் திட்டுவான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தேறும் என்று நானும் சொல்லவில்லை.
கூட்டுத்தொகைக்குக் கீழே இடமில்லாமல்
ரசீதின் ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
சிக்கந்தர், வெறும் வண்டி வாடகை, இருநூறு.

"முந்நூறு" என்றான்,
இன்னும் எஞ்சினை அணைக்காமல்.