பாதிக் கட்டில்

அபு ஷகாராவில், சலவைக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியில்
எனக்கொரு கட்டில் இருக்கிறது,
இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை.

மீதி நேரம் அது எப்சிபாவுடையது.
ஏதோ ஓட்டலில் இரவெல்லாம்
விரிப்பு துவைக்கிறாள் என்று
ருக்கையா அக்கா சொன்னதோடு சரி.
ஏழு மாதமாய் நான் அவளைப் பார்த்ததில்லை.

கீழ்க்கட்டில் எழுநூறு திர்ஹம்.
மேல்கட்டில் கொஞ்சம் மலிவு,
ஏறி இறங்க என் முழங்கால் ஒப்பவில்லை.
சம்பளம் ஆயிரத்து எண்ணூறு.
ஊருக்கு ஆயிரம் அனுப்பி
வாடகையும் கொடுத்தால் நூறு நிற்கும்.
நூறில் ஒரு மாதம் சாப்பிட்டவள்
யாராவது இருந்தால் சொல்லுங்கள்.
நான் சொல்லிப் பார்த்தேன் அக்காவிடம்.
"பகல்ல அந்தக் கட்டில் சும்மாதானே கெடக்கு"
என்றாள் அவள்.

டைப்பிங் சென்டரில் வேலை எனக்கு.
வாடகை ஒப்பந்தம் அடித்தே விரல் தேய்ந்தது.
ஐம்பத்திரண்டாயிரம், நான்கு செக்,
இரண்டு படுக்கையறை, ஏரி பார்த்த பால்கனி.
ஒருநாள் ஒரு சைபர் விட்டுப்போய்
ஐயாயிரத்து இருநூறு என்று வந்தது.
"அப்படியே இருக்கட்டும்மா" என்று சிரித்தார் வந்தவர்.
திருத்துவதற்கு முன்
கொஞ்ச நேரம் நான் அந்த வீட்டில் குடியிருந்தேன்.
பால்கனியில் துணி கூடக் காயப்போட்டேன்.

எங்கள் கட்டிலின் விரிப்பு மட்டும்
ஓட்டல் மடிப்பில் இருக்கும், ஓரம் கத்தி மாதிரி.
தலையணையைத் திருப்பிப் போட்டிருப்பாள்,
என் பக்கம் எனக்கு.
எப்போதாவது ஒரு நீள முடி.
எப்போதாவது, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்
ரப்பர் பேண்டு சுற்றி.
காய்ச்சலில் நான் லீவு போட்ட அன்று
எங்கே போய்ப் படுத்தாளோ,
கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

இந்த ஒன்றாம் தேதி
எப்சிபாவைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள்.

"ஒரே கட்டில்ல ரெண்டு பேரா?
ராத்திரி வந்து தலை எண்ணுவான், நான் உள்ள போவேன்.
யாராவது ஒருத்தி முழுசா எடுத்துக்கங்க.
இல்லேன்னா மாசக் கடைசில ரெண்டு பேரும் எடத்தக் காலி பண்ணுங்க"
என்று அக்கா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.
மற்ற ஆறு பெண்களும் திரைச்சீலைகளுக்குள்
தூங்குவதாக நடித்தார்கள்.

பையோடு வந்து நின்றாள்.
நான் நினைத்ததைவிட உயரம்.
பிளீச்சில் வெளுத்த விரல்கள்.
என்னை முகர்வது மாதிரி ஒரு பார்வை பார்த்து,
"நீங்கதானா அந்தக் கோடாலித் தைலம்?" என்றாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
கால்குலேட்டரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம்.
அவள் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு.
ஏஜென்டுக்குக் கட்டவேண்டிய கடன் இன்னும் பதினோரு மாதம்.
எப்படிக் கழித்தாலும் யாருக்கும் முழுக்கட்டில் வரவில்லை.

தலைக்குக் கால் வைத்துப் படுத்தோம்.
"முப்பது இஞ்சு அகலம்" என்றாள் இருட்டில்,
விரிப்பு அளந்து பழகியவள்.
"ஒரு இஞ்சு இருபத்துமூணு திர்ஹம் வருது.
உங்க முழங்கால் இப்ப
என்னோட நாப்பத்தாறு திர்ஹத்துல கெடக்குக்கா."
இழுத்துக்கொண்டேன்.
சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது,
மேலே இருந்தவள் ஒருமுறை தட்டினாள்.

மறுநாள் அக்கா என்னிடமே வந்தாள்,
கம்பத்தில் ஒட்ட விளம்பரம் அடிக்க.
பெண்களுக்கு மட்டும். கீழ்க்கட்டில். ஏசி உண்டு.
அடித்தேன், இருபது பிரதி, காசு வாங்கவில்லை.
தொலைபேசி எண்ணில்
ஓர் எண் விட்டுப்போனது.

ஒன்பது நாளாய் யாரும் கூப்பிடவில்லையாம்.
"இந்த ஏரியாவுக்கு என்ன கேடு வந்துச்சோ" என்கிறாள் அக்கா,
போனை மேசையில் மல்லாக்க வைத்து.
என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராத்திரியில் காலிங்பெல் அடித்தால்
மூன்று பேரும் மூச்சைப் பிடிக்கிறோம்.
பெரும்பாலும் தண்ணீர்க் கேன்காரன்.
என் காதோரம் எப்சிபாவின் பாதங்கள்,
சோப்பு மணத்தோடு,
சுவரை ஒட்டி, அவளுடைய பதினைந்து இஞ்சுக்குள்.